பிள்ளைகளோடு சொகுசுக் கப்பல் பயணம்: ஆவணங்களை எப்படிச் சேர்ப்பது? கடலூர், பாண்டி பெற்றோருக்கு

கப்பல் டிக்கெட் எடுப்பது ஒரு மாலை நேரத்து வேலை. பிள்ளைகளின் காகிதங்களைச் சேர்ப்பது பல வாரத்து வேலை. எங்கள் வீட்டில் மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இன்னும் பள்ளிக்கே போகவில்லை. பெரியவர்கள் எங்கள் இருவருக்கும் ஒரு சிக்கலும் வரவில்லை. இழுத்தடித்தது முழுக்கப் பிள்ளைகளின் ஆவணங்கள்தான். அதிலும் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருந்ததுதான் பெரிய தலைவலி. கடலூரிலோ பாண்டியிலோ இருந்து கிளம்புகிறவர்களுக்கு எது எங்கே கிடைக்கும், எவ்வளவு செலவு, எதை முதலில் தொடங்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தக் கப்பல் என்று முதலில் முடிவெடுங்கள்

ஆவணப் பட்டியல் கப்பல் போகும் வழியைப் பொறுத்தது. இந்தியத் துறைமுகங்களை மட்டும் தொட்டுத் திரும்பும் கப்பல் என்றால் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வரலாம். அரசு தந்த புகைப்பட அடையாள அட்டை போதும். பிள்ளைகளுக்கு ஆதார்தான் எளிது. சில பயணங்களில் சிறு குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழையும் ஏற்கிறார்கள். பான் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஒரே ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் வழியில் இருந்தாலும் கதை மாறிவிடும். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். சென்னையிலிருந்து கிளம்பும் கார்டிலியா கப்பல் எல்லாப் பருவத்திலும் ஒரே வழியில் போவதில்லை. ஒரு சமயம் விசாகப்பட்டினம், பாண்டி என்று உள்நாட்டுக்குள் சுற்றும். ஒரு சமயம் இலங்கைக்குப் போகும். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் ஆதாரோடு போய்வந்தார் என்பதற்காக நீங்களும் போகலாம் என்று ஆகாது. உங்கள் டிக்கெட்டில் இருக்கிற துறைமுகங்களைப் பாருங்கள்.

இன்னொன்று. "பாண்டிக்கு வருகிற கப்பல்தானே, இங்கேயே ஏறிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2025இல் கப்பல் பாண்டிக்கு வந்தபோது கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது; பயணிகளைப் படகில்தான் கரைக்குக் கூட்டிவந்தார்கள். ஏறும் இடம் எது என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். சென்னைத் துறைமுகம் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர்கள், "குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழே போதுமே, நாங்கள் அப்படித்தான் போனோம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணத்தில், 16 வயதுக்குட்பட்ட அமெரிக்கக் குடிமக்களான பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை உண்டு. இந்தியப் பிள்ளைக்கும் நம் பக்கத்துக் கப்பல்களுக்கும் அது பொருந்தாது.

2. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், இன்றைக்கே

பீரோவில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். எடுத்து, அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனை பிறப்பைப் பதியும்போது பெரும்பாலும் பெயர் வைத்திருக்க மாட்டோம். அதனால் பெயர்க் கட்டம் காலியாகவே சான்றிதழ் வந்துவிடும். பள்ளியில் சேர்க்கும்வரை யாரும் கேட்பதில்லை என்பதால் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதும் இல்லை.

பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம்வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இதைப் பிறப்பு பதிவான இடத்தில்தான் செய்ய வேண்டும், நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரில் முடியாது. கடலூர்க்காரர்கள் பலருக்குப் பிரசவம் ஜிப்மரில் நடந்திருக்கும். அப்படியென்றால் கடலூர் மாநகராட்சியில் போய்க் கேட்டுப் பயனில்லை, உழவர்கரை நகராட்சிக்குப் போக வேண்டும். கிருமாம்பாக்கம் பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று கும்பகோணத்திலோ விருத்தாசலத்திலோ பிறந்திருந்தால் அந்த ஊர்தான்.

தமிழ்நாட்டுக்குள் 2018 முதல் பதிவானவற்றைச் சிஆர்எஸ்டிஎன் என்ற மாநில அரசின் பிறப்பு, இறப்புப் பதிவுத் தளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம், செலவில்லை. இறக்கியதும் நான்கு இடங்களைச் சரிபாருங்கள்: குழந்தை பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி. அம்மாவின் பெயரில்தான் அதிகம் கோளாறு வருகிறது. மருத்துவமனைப் படிவத்தை அவசரத்தில் யாரோ ஒரு சித்தி நிரப்பியிருப்பார். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டிருப்பார். திருத்தம் வேண்டுமென்றால் இப்போதே போடுங்கள். எல்லா வேலையிலும் இதற்குத்தான் நாள் பிடிக்கும், நேரமும் நம் கையில் இல்லை.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கான ஒரே சான்று இந்தச் சான்றிதழ்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்ற வேறு வழிகள் உண்டு. இருந்தாலும் பிறப்புச் சான்றிதழையே கொண்டுபோங்கள், கேள்வி குறையும்.

3. இனிஷியல் விவகாரம்

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அப்பா செந்தில்குமார், மகள் நிலா என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் 'நிலா' என்று மட்டும் இருக்கும். ஆதாரில் 'நிலா எஸ்'. பள்ளியில் 'எஸ். நிலா'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஒற்றை எழுத்தாக ஏற்கமாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். 'கிவன் நேம்' என்ற இடத்தில் நிலா, 'சர்நேம்' என்ற இடத்தில் செந்தில்குமார் என்று போட்டால் பிரச்சினை இல்லை.

சர்நேமைக் காலியாக விடலாம், படிவம் தடுக்காது. ஆனால் விடாதீர்கள். ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கப்பல் நிறுவனத்தின் இணையப் பதிவில் உட்கார்ந்தால், 'லாஸ்ட் நேம்' இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. அமீரகம் 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. துபாயிலிருந்து கிளம்பும் கப்பலை என்றைக்காவது யோசிப்பீர்கள் என்றால் இதை இப்போதே மனதில் வையுங்கள்.

அடுத்து ஆங்கில எழுத்து. ஆதாரில் ஒரு 'எச்' கூடுதல், பிறப்புச் சான்றிதழில் இல்லை. எண்கணிதம் பார்த்து இரண்டு 'ஏ' சேர்த்தது பள்ளியில் மட்டும் ஏறியிருக்கிறது. தமிழில் வாசித்தால் ஒரே பெயர், கணினிக்கு வேறு வேறு ஆள். எது சரியான எழுத்துக்கூட்டல் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவெடுத்து, ஒரு தாளில் எழுதி, இனி எந்தப் படிவத்தையும் அதைப் பார்த்தே நிரப்புங்கள். என்னைக் கேட்டால் பிறப்புச் சான்றிதழில் இருப்பதையே வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப மாற்றுவதுதான் குறைந்த அலைச்சல்.

நம் வீடுகளில் குடும்பப் பெயர் கிடையாது. மகளுக்குச் சர்நேம் அப்பாவின் பெயர். அப்பாவுக்குத் தாத்தாவின் பெயர். அம்மாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர். மூன்று பாஸ்போர்ட்டில் மூன்று சர்நேம். நமக்கு இது இயல்பு, வெளிநாட்டுக் கவுன்டரில் இருப்பவருக்கு 'இந்தக் குழந்தை இவர்களுடையதுதானா' என்று தோன்றும். அதற்குத்தான், பாஸ்போர்ட் இருந்தாலும் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கையோடு எடுத்துப்போகச் சொல்கிறேன்.

4. ஆதார்

ஐந்து வயதுக்குக் கீழ் நீல நிற பால ஆதார். பிறப்புச் சான்றிதழ், அம்மா அல்லது அப்பாவின் ஆதார் இரண்டும் போதும். கைரேகை எடுக்கமாட்டார்கள், பதிவு இலவசம். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை, கருவிழியைப் புதுப்பிக்க வேண்டும். மகளுக்கு ஒன்பது வயது, கார்டில் இன்னும் பல் முளைக்காத படம் என்றால் முதலில் அதை முடியுங்கள். பெயர்த் திருத்தத்துக்கு 75 ரூபாய். ஊர் முழுக்கப் பள்ளி திறக்கும் ஜூனில்தான் ஆதார் மையத்தில் நிற்கும். அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

5. பாஸ்போர்ட்

விண்ணப்பம் பாஸ்போர்ட் சேவா தளத்தில். பணத்தை ஆன்லைனில் கட்டி, நாள் நேரம் குறித்துக்கொண்டு, நேரில் போக வேண்டும். புதுச்சேரியில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, கடலூரில் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. எந்த ஊர்க்காரரும் எந்த ஊர் மையத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பதால் எங்கே முதலில் இடம் காட்டுகிறதோ அங்கே போடுங்கள். தேர்வு விடுமுறை நெருங்க நெருங்க இடம் கிடைப்பது கஷ்டம்.

கட்டணம்: 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1,000 ரூபாய். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புதிதாக எடுத்தால் பத்து சதவீதம் குறையும். தட்கல் என்றால் 2,000 ரூபாய் கூடுதல். இதற்கு மேல் கேட்கும் எந்தத் தொகையும் இடைத்தரகருக்குப் போவதுதான். படிவத்தை நிரப்பத் தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் சின்னக் கட்டணத்துக்கு நிரப்பித் தருவார்கள். ஆனால் பெயர் எழுத்துகளைத் திரையில் நீங்களே பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். கட்டணத்தைத் தரும்போது அரசுத் தளம்தானா என்றும் பாருங்கள்; அதே மாதிரி வேஷம் போட்ட போலித் தளங்கள் நிறைய.

கொண்டுபோக வேண்டியவை:

- குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்
- அம்மா, அப்பா இருவரின் பாஸ்போர்ட் (இருந்தால்), ஆதார்
- அனெக்ஷர் டி என்ற உறுதிமொழி (பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோரின் சம்மதம்), இருவரும் கையெழுத்திட்டது
- நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் 4.5 க்கு 3.5 சென்டிமீட்டர் புகைப்படம்
- எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்ட ஜெராக்ஸ்

அனெக்ஷர் டி வெள்ளைத்தாளில் அச்செடுத்தால் போதும். நோட்டரி வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். மையத்துக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் வேண்டும் என்பார்கள்.

பெற்றோரின் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருந்து, ஒருவருடையதில் மற்றவர் பெயர் கணவன் அல்லது மனைவியாக ஏறியிருந்தால் வேலை சுலபம். பிள்ளைக்குப் போலீஸ் விசாரணை பெரும்பாலும் இருக்காது. அம்மாவின் பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன் எடுத்ததாக இருந்தால் அதை முதலில் புதுப்பித்துவிடுங்கள் என்பேன்.

புகைப்படம் சின்ன விஷயமாகத் தெரியும். மூன்று வயதுப் பையனை வெள்ளைத் துணிமுன் உட்காரவைத்து, வாய் மூடி, இரண்டு காதும் தெரிய, நேராகப் பார்க்கவைப்பது எவ்வளவு பாடு என்று ஸ்டுடியோக்காரருக்குத்தான் தெரியும். எங்களுக்கு எடுத்தவர் கேமராவுக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்து அதில் கார்ட்டூன் ஓடவிட்டார். பையன் அசையாமல் பார்த்தான். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு. சிரிப்பில்லாத படம் கிடைக்கும்வரை எடுத்தார் மனிதர். தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு கூட்டிப்போங்கள்.

மையத்துக்குக் குழந்தை நேரில் வந்தே ஆக வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளைக்குப் பெருவிரல் ரேகை. ஆண் குழந்தைக்கு இடது கை, பெண் குழந்தைக்கு வலது கை. ரேகை கட்டத்துக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஈரத்துணியும் எடுத்துப்போங்கள். குறித்த நேரத்துக்கு ரொம்ப முன்னால் போனாலும் உள்ளே விடமாட்டார்கள், வெயிலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது 18 வயது முடியும்வரை, எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும். 15 வயது தாண்டியவர்கள் 1,500 ரூபாய் கட்டிப் பத்து வருடத்துக்கும் எடுக்கலாம். பயணம் முடிந்து இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான கப்பல்களின் விதி. அம்மா அப்பாவின் பத்து வருடப் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்க, பிள்ளையுடையது சத்தமில்லாமல் முடிந்துபோயிருக்கும். டிக்கெட்டுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். நேரில் போன நாளிலிருந்து ஒரு மாதம் ஒதுக்கிவைத்தால் பதற்றம் இருக்காது.

6. அப்பா வெளிநாட்டில் இருந்தால்

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் இது வீட்டுக்கு வீடு. அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, அம்மா மட்டும் பிள்ளையைப் பாஸ்போர்ட் மையத்துக்குக் கூட்டிப்போகிறார் என்றால், அப்பாவின் சம்மத உறுதிமொழி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வர வேண்டும். தூதரகத்திலும் நாள் குறித்துத்தான் போக வேண்டும், அவருக்கு லீவு கிடைக்க வேண்டும், காகிதம் கூரியரில் வர வேண்டும். இங்கே நாள் குறிப்பதற்கு முன்பே அங்கே தொடங்கச் சொல்லுங்கள்.

பிரிந்து வாழ்பவர்கள், மற்றவரின் சம்மதம் கிடைக்காதவர்கள், ஒருவர் மட்டும் கையெழுத்திடும் அனெக்ஷர் சி உறுதிமொழியைக் கொடுக்கலாம். விவாகரத்துத் தீர்ப்பில் குழந்தை யாரிடம் என்று இருந்தால் அந்த நகல், துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் என்று அதற்குரியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டியில் இன்னொரு வகை உண்டு. அப்பா பிரெஞ்சுக் குடிமகன், அம்மா இந்தியர், பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. திரும்பி இந்தியாவுக்குள் வர ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வேண்டும். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் ஏறுகிற இடத்திலேயே கேள்வி வரும். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் புதியதை ஓசிஐ தளத்தில் ஏற்றியாயிற்றா என்றும் பாருங்கள். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு விசா வேண்டும், ஒருவருக்கு வேண்டாம் என்று வருவதும் இங்கேதான், ஆளுக்கு ஆள் தனியே சரிபார்க்க வேண்டும்.

7. விசாவும் வருகை அட்டையும்

நம் பக்கத்திலிருந்து அதிகம் போவது இலங்கைக் கப்பல், இல்லாவிட்டால் சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து மலேசியா, தாய்லாந்து.

இலங்கைக்கு இடிஏ என்னும் மின்னணு அனுமதி. கப்பல் நிறுவனமே எல்லோருக்கும் சேர்த்து எடுக்கிறதா, நாமே எடுக்க வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூருக்குப் பிள்ளைகளுக்கும் தனித்தனி விசா. ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. ஏஜென்ட் கட்டணம் வேறு. கப்பலில் வெளியே போய் மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குவீர்கள் என்பதால் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையுடையதைத் தனியாகப் பாருங்கள், பெரியவர்களுக்கு வந்ததுபோலவே இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

மலேசியா இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா விலக்குத் தந்திருக்கிறது. தாய்லாந்து விதியைக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை பாருங்கள், அங்கே அடிக்கடி மாறும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்று நாட்டுக்கும் ஆன்லைன் வருகை அட்டை உண்டு, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. மூன்றுமே இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பது காசு கேட்கும் தனியார் தளமாகத்தான் இருக்கும்.

8. தாத்தா பாட்டியோடு அனுப்பினால்

பேரப் பிள்ளையைத் தாத்தா பாட்டியோ சித்தப்பாவோ கூட்டிப்போவது நம் வீடுகளில் சாதாரணம். கப்பலில் அது சாதாரணம் அல்ல. அம்மா, அப்பா இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம் கேட்பார்கள். அதில் குழந்தையின் பெயர், பாஸ்போர்ட் எண், கூட்டிப்போகிறவரின் பெயர், உறவு, கப்பல் பெயர், பயணத் தேதிகள், அவசரத்துக்கு மருத்துவம் பார்க்கச் சம்மதம் எல்லாம் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதுங்கள். இருவரின் அடையாள அட்டை நகலையும் இணைத்துவிடுங்கள். அம்மா மட்டும் அல்லது அப்பா மட்டும் போனாலும் மற்றவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது.

9. டிக்கெட்டில் பெயர் கொடுக்கும்போது

பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் அதைப் பார்த்தே பெயர் கொடுங்கள். எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட், மகனின் பெயரையும் என் பெயரையும் இடம் மாற்றி அடித்துவிட்டு, "அதெல்லாம் ஒன்றும் கேட்கமாட்டாங்க சார்" என்றார். மின்னஞ்சலில் எழுதிக் கேட்டபிறகுதான் திருத்தினார். பெயர்த் திருத்தத்துக்குக் கடைசித் தேதி உண்டு, அது தாண்டினால் கட்டணம் கேட்பார்கள்.

கைக்குழந்தை என்றால் வயதைப் பாருங்கள். கப்பல் கிளம்பும் நாளில் ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி. பல நாள் கரை தொடாத நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது.

10. ஏறும் நாள்

ஆவணங்களைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அது பிறகுதான் அறைக்கு வந்து சேரும். கவுன்டரில் நிற்கும்போது எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு ஒளிபுகும் உறை, அதில் பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழ், ஆதார் என்று வைத்தால் கவுன்டரில் தேடுவது மிச்சம். போனில் படம் எடுத்தும் வைத்திருங்கள். ஆனால் மூலப் பிரதி கேட்கும் இடத்தில் போன் செல்லாது.

கடலூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்கைந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்; சென்னைக்குள் நுழைந்தபிறகுதான் உண்மையான நேரம் போகும். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, பயணிகளை ஏற்றுவதை நிறுத்தும் நேரம் வேறு. டிக்கெட்டில் இரண்டாவதைத் தேடிப் பாருங்கள்.

ஏறியதும் பிள்ளைக்கும் ஒரு கப்பல் அட்டை தருவார்கள். சின்னப் பிள்ளையின் அட்டையை நீங்களே வைத்திருங்கள். வெளிநாட்டுப் பயணங்களில் சில கப்பல்கள் குடியேற்ற வேலைக்காக எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், ரசீது கேளுங்கள். கடைசி நாள் காலைச் சாப்பாட்டுப் பரபரப்பில் திருப்பித் தரும்போது அங்கேயே பிரித்து எண்ணிப் பாருங்கள், பிள்ளைகளுடையது வேறு குடும்பத்துக் கட்டோடு போயிருக்கலாம்.